ஒரு செடிகூட நனையவில்லை

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை விருதுநகரிலிருந்து சிவகாசி திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வானம் கறுத்தது. முதல் சொட்டு என் முழங்கையில் விழுந்தது. எல்லோரும் ஷட்டரை இறக்கினார்கள்... நான் மட்டும் ஏற்றினேன்.

"ஏத்தா, சன்னல அடை. மேலெல்லாம் தெறிக்குதுல்ல" என்றார் பின்சீட்டு அம்மா.

பாதி இறக்கினேன். மீதியை இறக்க மனசு வரவில்லை.

உங்களுக்கு மழை என்றால் என்ன ஞாபகம் வரும்? சூடாக ஒரு காபி? எங்கள் பக்கம் மழை என்றால் வேலை இல்லை என்று அர்த்தம். பட்டாசு கம்பெனியில் செய்ததை வெயிலில்தான் காயப்போட வேண்டும். மேகம் கூடினால் அத்தனையையும் வாரி உள்ளே கொண்டுபோக வேண்டும். மின்னல் வெட்டினால் ஆட்களை வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா இந்த வேலை பார்க்கிறாள். தீபாவளி சீசனில் அவள் அண்ணாந்து பார்த்து மேகத்தை வையாத நாளே கிடையாது.

அந்த வெயிலில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். தாவரவியல். படித்து முடித்து என்ன செய்தேன்? நர்சரி வைத்தேன் – செடி விற்கிற நர்சரி, இந்தக் காய்ந்த ஊரில்.

சிரிக்காதீர்கள். ஊர் வளர்கிறது. ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் நேற்றுவரை கருவேலங்காடு. இன்று கலர் அடித்த கல், கொடி, ஆர்ச். ஏதோ ஒரு கார்டன், ஏதோ ஒரு அவென்யூ. இப்போதைக்குப் பெயரில் மட்டும்தான் தோட்டம். ஆனால் நான் கண்ணை மூடினால் அந்தத் தெருக்களில் புங்கமரம் நிழல் விரித்திருக்கும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வெயிலே படாமல் வீடுவரை நடப்பார்கள். இன்னும் வீடே கட்டாத தெருக்கள் அவை.

ஒரே வீட்டில் அம்மாவுக்கு வெயில் வேண்டும், எனக்கு மழை வேண்டும். சாமி யார் பேச்சைக் கேட்கும்?

அந்த வாரம் எனக்கு முதல் பெரிய ஆர்டர். புதிதாகப் போட்ட மனைகளுக்கு ரோட்டோரம் முழுக்கக் கன்று நட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஆட்கள் மனை பார்க்க வருகிறார்கள். என் போர்வெல்லில் காற்றுதான் வந்தது. கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. மனை விற்கிற மேனேஜர் வந்தார். ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தார்.

"சனிக்கிழமை வருவேன். இப்பிடியே இருந்துச்சுன்னா காரியாபட்டி பக்கம் வாங்கிக்கிடுவேன்மா. தப்பா நினைக்காதீக."

இந்த ஆர்டர் போனால் நர்சரியை மூட வேண்டியதுதான். தண்ணீர் லாரி எல்லாம் வீடு கட்டுகிற இடங்களுக்கே ஓடிக்கொண்டிருந்தன. விருதுநகர்வரை போய்க் கேட்டேன். கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பிய பஸ்தான் அது.

அந்த பஸ்ஸில்தான் மழை!

பாதி ஜன்னல் வழியாக முகத்தில் சாரல் அடிக்க, கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு கன்றும் மெல்லத் தலை தூக்குவது தெரிந்தது. கறுப்புப் பைகளில் மண் நிறம் மாறுவது தெரிந்தது. மண் தண்ணீர் குடிக்கிற சத்தம்கூடக் கேட்டது – சத்தியமாக.

ஸ்டாப்பில் இறங்கி ஓடினேன். நர்சரி கேட்டைத் திறந்தால்... செடிகளைக் காணோம். வெறும் தரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

தகரக் கொட்டகைக்குள் பார்த்தேன். சுவரோரம் அத்தனை கன்றும் வரிசையாக, பத்திரமாக அடுக்கியிருந்தது. முன்னால் அம்மாவும் அவளோடு வேலை பார்க்கும் பெண்களும் மூச்சு வாங்க நின்றார்கள்.

"மின்னல் வெட்டவும் எங்கள அனுப்பிட்டாக. வேன இங்கனயே நிப்பாட்டச் சொல்லி, எல்லாரும் எறங்கி அம்புட்டையும் உள்ள தூக்கிட்டோம்த்தா" என்றாள் அம்மா. முகமெல்லாம் பெருமை. "ஒரு செடிகூட நனையல."

மேகத்தைக் கண்டால் வாரி உள்ளே கொண்டுபோகிற கை. எதை வாருகிறோம் என்று அந்தக் கை என்றைக்கு யோசித்தது?

"எம்மா... இது செடிம்மா."

மாரி சித்தி – அம்மாவின் பக்கத்து ரூமில் வேலை பார்ப்பவள் – தலையில் கை வைத்தாள்.

"ஆத்தாடி, சரவெடிய காப்பாத்துற மாதிரில்ல காப்பாத்தியிருக்கோம்."

"நீதானடி மொதல்ல தூக்குன?" என்றாள் அம்மா.

"நீ கத்துன கத்துல தூக்காம என்ன செய்ய?"

சிரிப்பு அடங்குவதற்குள் மழை நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கை மாற்றிக் கை மாற்றி வெளியே வைத்தார்கள். அம்மா மட்டும் கொட்டகை விளிம்பில் ஒரு புங்கங்கன்றோடு நின்றாள். கையில் சரக்கோடு மழைக்குள் காலை வைப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கன்றைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்... இறங்கினாள்.

தலைமுடியில் ஒட்டியிருந்த பட்டாசு மருந்தின் அலுமினியப் பொடி மழையோடு இறங்கி, அவர்கள் கழுத்திலும் கையிலும் வெள்ளியாக ஓடியது. அத்தனை பேரும் மினுமினுத்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை.

மறுநாளும் ஈரம். அவர்களுக்கு வேலை இல்லை. என் மழை அவர்களுடைய வெயிலைத் தின்றுவிட்டுத்தான் வந்தது – அதையும் நான் சொல்ல வேண்டும். அதனால்தான் கன்று நடுகிற வேலைக்கு அவர்களையே கூப்பிட்டேன். சனிக்கிழமை மேனேஜர் வந்தார். இலையைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. "லோடு ஏத்துங்க" என்றார்.

இப்போதும் மேகம் கூடினால் அம்மா நர்சரிக்கு ஓடித்தான் வருகிறாள். வந்து, எதிலும் கை வைக்காமல் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்:

"உள்ளயா, வெளியவா?"