குஷாய்குடாவில் அச்சான என் பாறை

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை, நான் வரைந்த படம் அச்சாவதைப் பார்க்கக் குஷாய்குடாவுக்குப் போனேன். ஹைதராபாத்துக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. வீட்டுச் சுவரில் மாட்டுகிற படம் எங்கிருந்து வருகிறது என்று என்னைப் போல யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு வேலை தணிக்கை அலுவலகத்தில். ஓய்வு நாட்களில் படம் வரைவேன். லோத்குண்டாவில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், ராணுவ நிலத்தின் சுவருக்கு அப்பால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாறைகள் தெரியும். அவற்றின் கீழே யாரோ கொடி கட்டித் துணி காயப்போடுவார்கள். அதை வரைந்தேன். என்னோடு பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்த நூர், கச்சிபௌலியில் புது வீடு வாங்கியபோது அந்தப் படத்தை விலை கொடுத்து வாங்கிக்கொண்டாள். நான் விற்ற முதல் படம் அதுதான்.

சுவர்ப் படங்கள் விற்கிற நிறுவனம் ஒன்று அதை இணையத்தில் பார்த்துவிட்டு, பிரதி எடுத்து விற்கலாமா என்று கேட்டது. முதலில் மாதிரி போட்டுக் காட்டுங்கள் என்று என்னிடமிருந்த ஸ்கேனை அனுப்பினேன். நூரிடம் சொன்னதும் போனிலேயே குரல் மாறிவிட்டது.

“ஏட்டி, இது ஒண்ணுதான்னு சொல்லித்தானே தந்த? நாளைக்குப் பல் டாக்டர் கிளினிக்ல போய் உக்காந்தா, அங்கயும் அது தொங்கணுமா?”

பார்த்துவிட்டு நேரே உன் வீட்டுக்கு வருகிறேன், அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றேன்.

லோத்குண்டாவிலிருந்து குஷாய்குடா ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 180 ரூபாய். பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஆலையின் குடியிருப்பைத் தாண்டி உள்ளே திரும்பினால் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். அதில் ஒன்றுதான் அந்த நிறுவனத்தின் அச்சுப் பட்டறை.

மேலாளர் பிரபாகர் தமிழர். தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று ஹைதராபாத் உருது கலந்துதான் பேசுவார். “ஹவ் மேடம், அதோ வருது பாருங்க உங்க பாறை,” என்று கை காட்டினார். இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஓர் இயந்திரம். அதிலிருந்து கேன்வாஸ் துணி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. வானம் வந்தது, மேல்பாறை வந்தது, பிறகு கொடி. வரைய எனக்கு மூன்று வாரம் பிடித்த படம், நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. வருத்தப்படுவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் அடுத்தது எப்படி வருகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது சாம்பல் நிறத்தில் வந்தது. அதற்கடுத்தது நீலத்தில்.

“என் பாறை பழுப்பு நிறம்ல?” என்று கேட்டேன்.

“கஸ்டமர் சோஃபா என்ன கலரோ அதுதான் மேடம் நம்ம கலரு.”

பக்கத்து மேசையில் நான்கு பெண்கள் அச்சான படங்கள் மேல் தூரிகையால் பசை போன்ற ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள். காய்ந்தால் கண்ணாடி போலத் தெளிந்து, கையால் வரைந்தது மாதிரி மேடு மேடாக நிற்கும். சுஜாதா என்ற பெண்ணின் பக்கத்தில் போய் நின்றேன். அவர் பாறையின் வளைவோடு தூரிகையை இழுத்தார். பக்கத்துப் பெண் அதே பாறையில் குறுக்காக இழுத்தார். ஒரே படம் இரண்டு மாதிரி ஆனது.

இதை வரைந்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். சுஜாதா தூரிகையைக் கீழே வைத்தார். “இதெல்லாம் கம்ப்யூட்டரே போடுதுன்னு நினைச்சேன்,” என்றார் தெலுங்கில். முன்பு போட்டுப் பார்த்தபோது கோடு விழுந்து வீணான இதே படத்தின் அச்சு ஒன்றை அவர் வீட்டுக்கு எடுத்துப் போய், பிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கிறாராம். அந்த வீட்டுச் சுவரில் சாமி படமும் காலண்டரும் தவிர மாட்டிய முதல் படம் அதுதான் என்றார். கொடியில் காயும் துணி யாருடையது என்றும் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன்.

பிரபாகரிடம் படத்தின் மூலையில் என் பெயர் வருமா என்று கேட்டேன்.

“பேர் நக்கோ மேடம். காசு குடுத்து வாங்குறவங்க, தெரியாத ஆள் பேரை எதுக்குச் சுவர்ல மாட்டணும்னு கேப்பாங்க.”

கொஞ்ச நேரம் பேசியபின், பின்பக்கம் போடலாம் என்று ஒத்துக்கொண்டார். பசை தடவியவர் பெயரையும் போடுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார். சுஜாதா தடவிக் காய்ந்திருந்த பழுப்புப் பிரதி ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தார்.

பேருந்தில் தார்நாகா வந்து, அங்கிருந்து மெட்ரோவில் ராய்துர்கம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் சாலை நெரிசலுக்கு அது எவ்வளவோ மேல். அங்கிருந்து நூர் வீட்டுக்கு ஆட்டோ, 90 ரூபாய்.

நூர் பிரதியை வாங்கி விரித்தாள். தன் சுவரிலிருந்த படத்தை இறக்கிச் சட்டத்தைக் கழற்றி, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அப்போது அவள் கணவர் அன்வர் அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். எது நம்ம படம் சொல்லுங்க என்றாள் நூர். அவர் தயங்கவே இல்லை. சுஜாதா தடவியதைக் காட்டி, “இதுல்லா நம்மளது. மேடு மேடா இருக்கு பாரு,” என்றார்.

நூர் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “வீட்டுக்கு வாறவங்க எல்லாரும் எந்த சைட்ல வாங்குனன்னு லிங்க் கேக்காங்க. இவரும் இப்படி. அப்போ என்கிட்ட என்னதான்ட்டி இருக்கு?”

அவள் தன் படத்தின் மேல் குனிந்து, கொடியின் வலது ஓரத்தில் விரலை வைத்தாள். “இங்க ஒரு சிவப்புத் துணி போட்டுட்டு, அப்புறம் மறைச்சிருக்கதான? காலைல வெயில் படுறப்போ தெரியும்.”

உண்மைதான். சரியாக வரவில்லை என்று மேலே பழுப்பைப் பூசியிருந்தேன். அதை யாரும் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. பிரதியில் இருக்கிறதா என்று இருவரும் ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்தோம். இருந்தது. மங்கலாக, ஆனால் இருந்தது.

நூர் பிரதியைச் சுருட்டி என்னிடம் நீட்டினாள். “சரி, கம்பெனிக்குக் குடுத்துரு. வாங்குறவங்க எல்லாருக்கும்தான் இது போகுது. அதுல எத்தனை பேரு இந்தச் சிவப்பைப் பாப்பாங்கன்னு பாப்போம்.”

ஒன்றே ஒன்று என்பதுதான் கலை என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. சோஃபாவுக்காக நிறம் மாறிய பாறை என்னுடையதா என்ற கேள்வியும் தீரவில்லை. பழுப்பு நிறத்துக்கு மட்டும் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: இத்தகைய பட்டறைகள் ஞாயிறு மூடியிருக்கும், முன்கூட்டியே பேசிவிட்டுப் போனால் அனுமதிக்கிறார்கள். மை நெடி அதிகம், தலைவலிக்காரர்கள் முகக்கவசம் எடுத்துச் செல்லவும். இயந்திரத்தைப் பார்த்ததோடு கிளம்பிவிடாதீர்கள். பசை தடவும் மேசைக்கும் போய், அங்கே இருப்பவர்களோடு பேசிவிட்டு வாருங்கள்.