நான்கு கராம்பும் ஒரு சரிவும்

போன கிழமை கடைவாய்ப் பல் வலி. மருந்து வாங்கப் போகச் சோம்பல்பட்டு, ஒரு கராம்பை அதக்கிக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தேன். நம் தேசிய அணி கால்பந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆடியது என்று நான் சொல்வது மரியாதைக்குத்தான். ஒருவனை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் எல்லோரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போலக் கோலை மறித்து நின்றார்கள். கராம்பின் காரம் நாக்கில் ஏறியதும் என் பழைய சிநேகிதன் நிஸ்தாரின் ஞாபகம் வந்துவிட்டது.

அவனுடைய வாப்பாவுக்கு மாத்தளைக் கடைத்தெருவில் மிளகு, ஏலம், சாதிக்காய் வாங்கி விற்கும் கடை. நான் அப்போதுதான் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலை விட்டதும் நேரே அங்கேதான் போவேன். எங்கள் ஊர் அணியின் தலைவன் நிஸ்தார் கடை மேசையில் அணியைப் பரப்பி வைப்பான். சாதிக்காய்தான் கோல் காப்பவன். பின்னால் மூன்று மிளகு, நடுவில் மூன்று ஏலக்காய், முன்னால் நான்கு கராம்பு. ஆமாம், தாக்குவதற்கு மட்டும் நான்கு பேர்! நான் மிளகு. அடிக்கடி உருண்டு மேசைக்குக் கீழே போய்விடுவேன். மைதானத்திலும் ஏறத்தாழ அப்படித்தான்.

"டேய், அது யாவாரத்துக்கு வெச்ச கராம்புடா," என்பார் வாப்பா உள்ளேயிருந்து.

"ஜெயிச்சதும் திருப்பிப் போட்டுர்றேன் வாப்பா."

இந்தத் துணிச்சலுக்குக் காரணம் எங்கள் மைதானம். ஒரு பக்கம் மேடு. அங்கிருந்து மறுபக்கத்து ஓடை வரை ஒரே சரிவு. மேட்டு ஓரம் எப்போதும் நிஸ்தாருக்கு. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினால் அவனும் மாறிக்கொள்வான். பள்ளத்து ஓரம் எனக்கு. ஓடையில் விழுந்த பந்தை எடுத்துவரும் உத்தியோகமும் எனக்குத்தான். நிஸ்தார் கோலைப் பார்த்து அடிக்கவே மாட்டான். மூலைக் கொடியைப் பார்த்து அடிப்பான். வெளியே போகிற பந்துதானே என்று எதிரணி விட்டுவிடும். அது வேகம் குறைந்து, சரிவில் மெல்லத் திரும்பி, கோலுக்கு நேரே வந்து நிற்கும். மற்ற மூன்று கராம்பும் அங்கே தயாராக இருக்கும். வஹகோட்டையிலிருந்து வந்தவர்கள் பந்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தோற்றுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில் தேசிய அணிக்குப் புதுப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். அவரும் நான்கு பேரை முன்னால் விட்டுத் தாக்கவேண்டும் என்ற பைத்தியம் பிடித்தவர். ஓரத்தில் ஓடி மற்றவர்களுக்குப் பந்து தர ஓர் ஆள் தேடினார். நிஸ்தாரைத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

"எங்கட ஆட்டத்தத்தான் மச்சான் இனி நாடே ஆடப்போகுது," என்றான். அவனுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவன் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கொழும்புக்குப் போனேன். பச்சைப் புல்லைப் பார்த்து இருவரும் வாயைப் பிளந்தோம். தரை ஒரு சரிவும் இல்லாமல் மட்டமாக இருக்கிறதே என்ற யோசனை மட்டும் இருவருக்கும் ஓடவில்லை. அப்படி ஒரு தரையில் நாங்கள் எங்கே ஆடியிருக்கிறோம்?

முதல் பந்து மூலைக் கொடியைத் தாண்டி நேரே வெளியே போயிற்று. இரண்டாவதும் அப்படியே. கோலுக்கு முன்னால் மூன்று பேர் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்ததை அவன் திருத்தி அடிக்கப் பார்த்தான்; எதிராளியின் காலுக்கே போனது. பாதி ஆட்டம் முடிவதற்குள் அவனை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

"எனக்கு விளங்குது மச்சான். காலுக்குத்தான் விளங்குதில்ல," என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு கடை மேசையில் கராம்பு பரப்பப்படவில்லை. அவன் சாரதியாக வளைகுடாவுக்குப் போனான். வருடங்கள் கழித்து விடுமுறையில் வந்தபோது, எங்கள் மைதானத்தை இயந்திரம் விட்டு வெட்டி நிரவியிருந்தார்கள். மேடும் இல்லை, ஓடையும் இல்லை. சுற்றிலும் கம்பி வேலி. அங்கே கிடந்த ஒரு பழைய பந்தை நிஸ்தார் மூலையைப் பார்த்து அடித்தான். அது நேரே வெளியே போயிற்று.

"இதையும் கொழும்பாக்கிட்டாங்க," என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வாப்பாவின் கடை இப்போது கைப்பேசிக் கடை. நிஸ்தார் போன வருடம், வேலை செய்த வளைகுடா நாட்டிலேயே, மாரடைப்பில் போய்விட்டான். அங்கேயே அடக்கம் செய்தார்கள். கூட வேலை செய்தவர் அந்த இடத்தின் படம் அனுப்பியிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மேடு பள்ளம் இல்லாத வெறும் மணல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.