அண்ணன் இறங்கும் ஸ்டாப்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் யாராவது ஒருவர் கூட்டிக் குறைத்துச் சொல்லுவார்.

பணி ஓய்வுக்குப் பிறகு அண்ணன் தினமும் ஒரு காரியம் செய்வார். ஆண்டாப் ஹில்லில் தன் கட்டடத்தின் வாசலில் பஸ் ஏறுவார். இரண்டு ஸ்டாப் போய் இறங்குவார். அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வருவார். அவர் மறைந்து சில மாதங்கள் ஆனபோது, அவர் நினைவாக நானும் அதையே செய்வது என்று முடிவெடுத்தேன். அதற்கென்று புது ஷூ வாங்கினேன். அதே பஸ்ஸில் ஏறி அதே ஸ்டாப்பில் இறங்கினேன். வெயிலை அண்ணாந்து பார்த்தேன். எதிர்ப்பக்கம் அதே நம்பர் பஸ் ஜன்னலோர இடத்தோடு காலியாக வந்து நின்றது. ஏறிவிட்டேன்.

திரும்ப வந்து இறங்கியபோது அண்ணன் மனைவி, என் மதினி, பால் வாங்கக் கீழே வந்து நின்றிருந்தார். ஷூவைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். படியேறிப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

இப்பேர்ப்பட்ட ஆளிடம்தான் அண்ணனின் நல்ல பழக்கங்களைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறாள் அவருடைய மகள் செல்வி. புனேயிலிருந்து போன் செய்தாள்.

"சித்தப்பா, அப்பா எவ்வளவு டிசிப்ளினா இருந்தாங்க. எத்தனை மணிக்கு எழுந்தாங்க, எப்ப நடந்தாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு டைம்டேபிள் மாதிரி எழுதுங்க. பிள்ளைங்க ஃபாலோ பண்ணட்டும்."

"உன் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துன்னா முறுக்கு மாதிரி தெரியுமே தாயி."

"நான் வாசிச்சுக் காட்டுவேன். நீங்க பஹானா, சாக்கு எதுவும் சொல்லாம எழுதுங்க."

சரி என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே குழப்பம் ஆரம்பமாகிவிட்டது.

பிறந்த ஊரிலேயே தகராறு. நாங்குநேரிப் பக்கம் எங்கள் பூர்வீக ஊரைப் போட வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். ஆனால் அண்ணன் பிறந்தது தாராவியில். அப்பா அங்கே தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். ஊரைப் பற்றி அண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம், அங்கே போனால் வயிறு கெட்டுப்போகும் என்பது மட்டும்தான். ஆகவே தாராவி என்றே எழுதுகிறேன். மனத்தாங்கல் உள்ளவர்கள் என் கடைக்கு வந்து சண்டை போடலாம். பைகளுக்கு ஜிப்பும் பக்கிளும் விற்கிற கடை. பகலில் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறேன்.

அப்பா இருமி இருமிச் சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் படிப்பை நிறுத்திக்கொண்டு டிராம்பேயில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சேர்ந்தார். என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். நான் படித்த லட்சணத்தைப் பார்த்த பிறகும் தொடர்ந்து அனுப்பினார். பிறகு கல்யாணமாகி மதினி வந்தார். எனக்கு அப்போது அரை டிரவுசர். அன்றிலிருந்து என்னை 'நீ' என்று பேச உரிமை உள்ள சிலரில் மதினி ஒருவர்.

தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. ஓய்வு பெறும்வரை அப்படித்தான். இரவு ஷிப்ட் வாரத்தில் ஜன்னலில் கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு அண்ணன் பகலில் தூங்குவார். வீட்டில் எல்லோரும் சைகையில் பேசுவோம். கிரிக்கெட் வர்ணனையில் விக்கெட் விழும்போது மட்டும் எனக்குச் சைகை மறந்துவிடும். அண்ணன் எழுந்து வந்து அடிக்க மாட்டார். "யாருல அவுட்டு?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்.

செல்வி கேட்ட டைம்டேபிளுக்கு வருகிறேன். அண்ணன் எப்போது நடந்தார்? விடியற்காலையில் என்கிறாள் செல்வி. பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா வியர்வையோடு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். உச்சி வெயிலுக்குப் பிறகு என்று எனக்கு ஞாபகம். அண்ணனுடன் வேலை பார்த்த மைதீன் பாயைத் தேடிப் போய்க் கேட்டேன். மேலப்பாளையத்துக்காரர், இப்போது காட்கோபரில் மகனோடு இருக்கிறார்.

"ரெண்டு பேரு சொல்லுததும் சரிதான்," என்றார். "ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுல வருவாரு. வீட்டுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாலயே எறங்கி நடப்பாரு. ஷிப்ட் எப்ப முடியுதோ அப்பதான் அவருக்கு நடை."

"உடம்புக்கு நல்லதுன்னு அப்பவே தெரிஞ்சு வச்சிருந்தாராக்கும்?"

"உடம்பாவது ஒண்ணாவது. நைட் டூட்டி முடிஞ்சு பஸ்ஸுல உக்காந்தா தூங்கிருவாரு. கண்டக்டர் டிப்போவுல எழுப்பி விடுவாரு. அதான், கண்ணு தெறந்திருக்கும்போதே எறங்கிருவோம்னு எறங்க ஆரம்பிச்சாரு."

இதை அப்படியே மதினியிடம் வந்து சொன்னேன். மதினிக்குக் கோபம் வந்துவிட்டது.

"மைதீன் பாய்க்கு என்ன தெரியும்? அங்க சூப்பர்வைசர் ஏசுவான். அந்த மூஞ்சியோட வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நடந்து ஆத்திட்டு வருவாவ. எங்கிட்டச் சொல்லியிருக்காவ."

செல்வியைக் கேட்டால், டாக்டர் சொல்லி நடந்தார் என்கிறாள். ஓய்வுக்குப் பிறகு ஏன் பஸ் ஏறிப் போய் நடந்து வந்தார் என்று நான் அண்ணனிடமே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "வீட்டை விட்டு நடக்கச் சொன்னா காலு வரமாட்டேங்கு. வீட்டைப் பாத்துன்னா அதுவா வருது," என்றார். நாலு பேர், நாலு காரணம். எதைப் போடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன்.

சாப்பாட்டு விஷயமும் இதே லட்சணம்தான். அண்ணன் இனிப்பைக் கையால் தொட மாட்டார் என்பது குடும்பம் முழுக்கப் பரவிய புகழ். மைதீன் பாயோ, சம்பள நாளன்று இருவரும் ஜிலேபி சாப்பிட்ட கதையை எச்சில் ஊறச் சொன்னார். இந்த ரகசியத்தை மதினியிடம் போட்டு உடைக்கலாமா கூடாதா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்து, கடைசியில் வாசலிலேயே உடைத்துவிட்டேன்.

"தெரியும்," என்றார் மதினி. "சட்டைப் பையில பாகு ஒட்டியிருக்கும். தொவைச்சது யாரு? அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு வேண்டாம், மோரு போதும்பாவ. நானும் ஏன்னு கேட்டுக்கிட மாட்டேன்."

இதை நல்ல பழக்கத்தில் சேர்ப்பதா, கெட்ட பழக்கத்தில் சேர்ப்பதா? செல்வி முடிவு செய்துகொள்ளட்டும்.

என் பெரிய குழப்பத்தை இனிமேல்தான் சொல்ல வேண்டும். அண்ணன் புகை பிடித்ததில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டதில்லை. படுத்தால் தூங்குவார், எழுந்தால் நடப்பார். நானோ காலையில் வடா பாவ், மாலையில் மறுபடியும் வடா பாவ், நடுவில் டீயில் கரண்டி நிற்கிற அளவு சர்க்கரை. மாடியேறினால் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட என் மூச்சு கேட்கும். அண்ணன் போய்விட்டார். நான் உட்கார்ந்து அவருக்கு மலர் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. அண்ணனைப் பார்த்த டாக்டரிடமே கேட்டேன். அவர் இந்தியில், "அவர் இப்படி இருந்திருக்காவிட்டால் இன்னும் முன்னாலேயே போயிருப்பார்," என்றார். எனக்கு ஆறுதலும் வரவில்லை, அதை மறுத்துச் சொல்ல அறிவும் இல்லை. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் குறைத்துத்தான்.

கடைசி நாளன்றும் அண்ணன் நடந்துதான் வந்தார். தண்ணீர் குடித்தார். தட்டு வைத்தாகிவிட்டது. "கொஞ்சம் இருந்துட்டுச் சாப்பிடுதேன்," என்று நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மதினி நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர். சாப்பாட்டுக்கு முன் மாத்திரை போட வேண்டும். சில நாள் மாத்திரை போடுவார், சாப்பிட மாட்டார். சில நாள் இரண்டும் இல்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் சத்தம் கேட்டு ஓடி வந்ததால் தப்பித்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். புனேக்கு வந்துவிடுங்கள் என்று செல்வி அழுதாள். மதினி வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார்.

என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் யாருக்காவது சேதம் உண்டு. மதினியின் போனில் மாத்திரைக்கு ஒரு அலாரம், சாப்பாட்டுக்கு ஒரு அலாரம், தண்ணீருக்கு ஒரு அலாரம் என்று வைத்துக் கொடுத்தேன். அந்த வாரக் கடைசியில் போய்ப் பார்த்தால் அரிசி டிரம்முக்குள்ளிருந்து சேவல் கூவுகிறது.

"என்ன மதினி, போனை அரிசிக்குள்ள போட்டிருக்கீங்க?"

"அதுக்குப் பசிக்கி போல. அதான் கத்துது. தின்னட்டும்."

"நேரத்துக்குச் சாப்பிடணும்லா மதினி. அண்ணன் எவ்வளவு நேரம் பாத்து..."

"உங்க அண்ணன் நேரமா பாத்தாவ?" என்றார் மதினி. "ஒரு வாரம் மூணு மணிக்குச் சாப்பாடு. ஒரு வாரம் நடுச்சாமத்துல. ஒரு வாரம் விடியக்காலையில. எனக்கு மணியே தெரியாதுல்லா. ஜன்னல்ல நிப்பேன். அந்தக் காராச்சேவு விக்கிற ஃபர்சாண் கடை முக்குல அவிய திரும்புறது தெரியும். உடனே மாத்திரையைப் போட்டுட்டு அடுப்பைப் பத்த வைப்பேன். அவிய படியேறி, குளிச்சுட்டு வரவும் சோறு சூடா இருக்கும். ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுவோம். இப்ப முக்குல யாரு திரும்புதா? நான் எதைப் பாத்து மாத்திரை போட?"

அரிசிக்குள் கையை விட்டுப் போனை எடுத்து அணைத்தேன். இத்தனை வருடம் அண்ணனின் நடை அண்ணனின் உடம்புக்கு என்றே நினைத்திருந்தேன். அது இந்த வீட்டின் கடிகாரம் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அண்ணனுக்காவது தெரிந்திருக்குமா? தெரிந்து நடந்தாரா, தெரியாமலே நடந்தாரா? அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். மற்றவற்றையெல்லாம் கேட்டுவிட்டேன்.

செல்வி, நீ கேட்ட டைம்டேபிள் என்னால் எழுத முடியவில்லை அம்மா. உன் அப்பாவிடம் நேரம் என்று ஒன்று இருக்கவில்லை. வரிசைதான் இருந்தது. வேலை, நடை, குளியல், சாப்பாடு, தூக்கம். ஒன்று தள்ளிப்போனால் மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து தள்ளிப்போகும், ஆனால் வரிசை மாறாது. ஒவ்வொன்றிலும் உன் அம்மாவின் காரியம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு விளங்கியது இவ்வளவுதான். இதிலும் பாதி தப்பாக இருக்கலாம். உன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது தப்பை நீயே திருத்திக்கொள்.

நன்றி சொல்ல வேண்டும். அன்றைக்கு அண்ணனை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கிய கட்டடத்துப் பையன்களுக்கு, தன் டாக்சியை நடுரோட்டில் திருப்பிக்கொண்டு வந்த மாடிவீட்டு மராட்டியருக்கு, பதினாறாம் நாள் வரை எங்கள் அடுப்பைப் பற்ற வைக்க விடாமல் சோறு கொண்டுவந்த தாராவிச் சொந்தங்களுக்கு, தள்ளாத வயதிலும் காட்கோபரிலிருந்து வந்து வாசலிலேயே நின்று அழுத மைதீன் பாய்க்கு, மதினி விழுந்த அன்று ஓடி வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, என் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்ன டாக்டருக்கு. அண்ணன் இருந்தால் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்லியிருப்பார். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, நடந்து வந்துதான்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், நேற்று மதியம் இதை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். ஜிலேபியை எடுத்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பு பற்ற வைக்காமல் கிடந்தது. மாத்திரை அட்டை ஜன்னல் திட்டில் இருந்தது.

நான் எழுந்து, பையில் கொண்டுவந்திருந்த ஷூவை எடுத்து மாட்டினேன். வாங்கிய நாளிலிருந்து அன்றுதான் இரண்டாவது தடவை.

"மதினி, நாளையிலருந்து மத்தியானம் கடையை அடைச்சுட்டு இங்கதான் சாப்பிட வாரேன். ரெண்டு ஸ்டாப் முன்னாலயே எறங்கி நடந்து வாரேன். நீங்க ஜன்னல்ல நின்னு பாருங்க. நான் முக்குல திரும்பும்போது மாத்திரையைப் போட்டுட்டு அடுப்பைப் பத்த வைங்க."

மதினி என் ஷூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பஸ்ஸுல வந்தேன்னா கதவைத் தொறக்க மாட்டேன்."