தானே எழும்பும் அம்பிளிபயர்

பத்மாசினி அன்ரிக்கு எழுபத்தொரு வயது. மருதனார்மடச் சந்தியிலிருந்து பிரியும் எங்கள் ஒழுங்கையில் எங்களுக்கு அடுத்த வளவு அவருடையது. நடுவில் ஒரு தகர வேலி.

முப்பத்திரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்தவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வயர்களைப் பிடுங்கியும் செருகியும், ஊரிலுள்ளவர்கள் ஒருவரோடொருவர் கதைக்க வழிசெய்து கொடுத்தவர். கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "புருசன் பெண்சாதி என்ன கதைக்கினம் எண்டு நான் கேக்காததோ? அதுவே காணும்" என்பார்.

ஓய்வு பெற்ற கையோடு தனக்கென்று அவர் வாங்கிய ஒரே ஆடம்பரம் ஒரு அம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும். சின்ன வானொலி ஒன்றை அதில் கொழுவிவிட்டு, சமைக்கும்போதும் முற்றம் கூட்டும்போதும் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்று வருடங்களுக்கு முன் என் அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானபோது, இரண்டு பெட்டிகளில் ஒன்றைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். வேலிக்கு மேலால் வயரை இழுத்து, அம்மாவின் அறை யன்னலுக்குக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒண்டு காணும். மற்றது பூரணமக்காவுக்கு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விடிவது அந்தப் பெட்டியோடுதான். ஐந்தே முக்காலுக்கு அன்ரி எழும்பி வானொலியைப் போடுவார். பெட்டி முதலில் 'தொப்' என்று ஒரு சத்தம் போடும். பிறகு பக்திப் பாட்டு, ஆறு மணிக்குச் செய்தி, செய்தி முடியக் கடல் நிலை. நயினாதீவுக்குப் போன இரண்டு தரம் தவிர அம்மா கடலில் கால் வைத்ததில்லை. ஆனாலும் கடல் நிலையைக் கவனமாகக் கேட்டு எனக்குச் சொல்லுவார்.

"காங்கேசன்துறைப் பக்கம் கொந்தளிப்பாம். பத்மா எழும்பிட்டாள்."

இரண்டும் அவருக்கு ஒரே செய்தி.

போன வருடம்தான் தொல்லை தொடங்கியது. அன்ரி வானொலியை நிறுத்துவார், அம்பிளிபயரை நிறுத்த மறந்துவிடுவார். அவருடைய தம்பியின் மகள் தயாளினி கொழும்பில் வங்கியில் வேலை. தம்பியும் இறந்துவிட்டதால் அன்ரிக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவள், அம்பிளிபயர் இரவு முழுவதும் ஓடிக் கொதித்துப்போய் இருந்ததைக் கண்டாள். மேலே போர்த்தியிருந்த பூவேலைத் துணி நடுவில் மண்ணிறமாகக் கருகியிருந்தது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மாமி, இது மூண்டாந்தரம். வீடு எரிஞ்சிருந்தா?"

"எரியேல்லையே."

"எரிஞ்சால் எனக்கு ஆர் சொல்லுறது?"

"பூரணமக்கா சொல்லுவா. அவவுக்குத்தான் முதல் மணக்கும்."

தயாளினி சிரிக்கவில்லை. தனியே இருந்தது போதும், சாமானைக் கட்டுங்கோ, என்னோடை கொழும்புக்கு வாங்கோ என்றாள். அன்ரி வரமாட்டேன் என்றார். இரண்டு நாள் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். இன்னொருமுறை அந்த அம்பிளிபயரில் மறதி கண்டால் அன்ரி மறுபேச்சில்லாமல் கொழும்புக்குப் போகவேண்டும். அதோடு, காலையில் எங்கள் பக்கத்துப் பெட்டியில் சத்தம் வராவிட்டால் நான் போய்ப் பார்த்துத் தயாளினிக்கு அறிவிக்கவேண்டும். அம்மா காது கொடுப்பது, நான் கால் கொடுப்பது என்று ஏற்பாடு.

தயாளினி பஸ் ஏறிய மறுநாளே அன்ரி யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகையும் சில்லறைச் சாமான்களும் வாங்கிவந்தார். யூரியூப்பில் ஒரு பெடியன் காட்டியதை நாலு தரம் பார்த்து, ஐந்தாம் தரம் அவனுடைய பிழையையும் கண்டுபிடித்து, தானே ஈயம் உருக்கி ஒட்டினார். ஒரு கிழமைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வானொலியைப் போட்டார். அம்பிளிபயருக்குள் 'டிக்' என்றது. சிவப்பு லைற் பற்றியது. பாட்டு வந்தது. வானொலியை நிறுத்தினார். பத்து நிமிடம் இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருந்தோம். மறுபடியும் 'டிக்'. லைற் அணைந்தது.

"சத்தம் வந்தால் எழும்பும். சத்தம் இல்லாட்டில் படுத்திடும். இனி நான் தொடவே தேவையில்லை" என்றார். "நான் மறந்தாலும் அது மறக்காது."

ஆறு மாதம் அது மறக்கவில்லை.

இந்த மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அம்மா போய்விட்டார். நித்திரையில் போனார். புதன்கிழமை எடுத்தோம். அன்ரி அன்று முழுவதும் எங்கள் வீட்டில்தான் நின்றார். அடுப்பு மூட்டாத வீடென்று இரவு புட்டு அவித்துச் சம்பலோடு கொண்டுவந்து, நான் சாப்பிடும்வரை பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார்.

வியாழன் காலை நான் அம்மாவின் அறையில் இருந்தேன். ஐந்தே முக்கால் ஆனது. பெட்டி பேசவில்லை. களைத்துப் படுத்திருப்பார் என்று நினைத்தேன். ஆறு மணி. செய்தி நேரம். பெட்டி சும்மாவே இருந்தது. எழுபத்தொரு வயது மனுசி, முதல் நாள் முழுக்க வெயிலில் நின்றவர்.

வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டேன். பதில் இல்லை. போன் எடுத்தேன். உள்ளே மணி அடிப்பது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. யாரும் எடுக்கவில்லை. உள்ளே போவதற்குத் தயங்கினேன். செத்தவீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு, கழியும்வரை வீட்டுக்காரர் மற்றவர்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. ஒழுங்கையால் சுற்றி அவருடைய படலைக் கதவு வரை போய் நின்றேன்.

அப்போதுதான் தயாளினி சந்திப் பக்கமிருந்து பையோடு நடந்து வந்தாள். அம்மாவின் செத்தவீட்டுக்கென்று இரவுப் பஸ்ஸில் வந்திறங்கியிருந்தாள். என் முகத்தைப் பார்த்தவள் நடையைத் தளர்த்தினாள்.

"என்ன அண்ணை?"

"பெட்டி இன்னும் கதைக்கேல்லை" என்றேன். சொல்லாமல் விட முடியவில்லை.

அவள் பையை ஒழுங்கையிலேயே போட்டாள். கைப்பையில் திறப்பைத் தேடினாள். அவசரத்தில் திறப்பு மண்ணில் விழுந்தது. நான் எடுத்துப் பூட்டைத் திறந்தேன். என் துடக்கு அந்த இடத்திலேயே முடிந்தது. அவளுக்குப் பின்னால் நானும் உள்ளே ஓடினேன்.

கூடத்தில் அம்பிளிபயர் மேசைக்குப் பின்னால், நிலத்தில், பத்மாசினி அன்ரி சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். வாயில் ஒரு சின்ன ரோச் லைற். கையில் திருப்புளி. அம்பிளிபயரின் மூடி கழற்றிக் கிடந்தது.

தயாளினி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"உயிரோடை இருந்தால் ஒரு குரல் குடுக்கக்கூடாதோ, மாமி?"

அன்ரி ரோச்சை வாயிலிருந்து எடுத்தார். "நீ ஆறரைக்குத்தான் வருவாய் எண்டு நினைச்சன். அதுக்குள்ளை திருத்திப்போடலாம் எண்டு பார்த்தன்." பிறகு என்னைப் பார்த்தார். "உன்ரை குரல் கேட்டது, ராசா. வாயைத் திறந்தால் அழுதுபோடுவன் எண்டு பேசாமல் இருந்திட்டன். நேற்றுத்தான் கொம்மாவைக் குடுத்திட்டு நிக்கிறாய், உன்னை இப்பிடி ஓட வைச்சிட்டன்."

திருப்புளியை மேசையில் வைத்தார்.

"முந்தநாள் வரை வடிவாய் வேலை செய்தது. இண்டைக்கு எழும்புதில்லை. பியூஸ் சரி. வயர் சரி. நான்தான் எதையோ மறந்திட்டன், எதை எண்டு பிடிபடேல்லை. சரி பிள்ளை. சொன்ன சொல் சொல்லுத்தான். வாறன் கொழும்புக்கு."

தயாளினி மேசைக்குக் கிட்டப் போனாள். வானொலியைப் பார்த்தாள்.

"மாமி, றேடியோவே போடேல்லையே நீங்கள்."

"போட்டிருக்கு. காதை வைச்சுப் பார்."

அவள் குனிந்து காதை வைத்தாள். நானும் வைத்தேன். நுளம்பு காதடியில் பாடுவதுபோல ஒரு குரல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

"ஏன் இவ்வளவு சின்னனாய் வைச்சிருக்கிறியள்?"

"பக்கத்திலை செத்தவீடு" என்றார் அன்ரி, அவள் கேட்டதே பிழை என்பதுபோல. "பூரணமக்கா கிடந்த அறைக்குள்ளை பாட்டுப் படிக்கிறதே? அந்தப் பெட்டியின்ரை வயரைக் கழட்டிவிடுவம் எண்டு ராத்திரிப் பிடிச்சனான். கழட்ட மனம் வரேல்லை. அதுதான் சத்தத்தைக் குறைச்சு விட்டனான்."

தயாளினி வானொலியின் குமிழை விரலால் கொஞ்சம் திருப்பினாள்.

'டிக்' என்றது. சிவப்பு லைற் பற்றியது. எங்கள் தலைக்கு மேலே கூடத்துப் பெட்டி பேசியது. அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கம், அம்மாவின் அறைக்குள், 'தொப்' என்ற சத்தத்தோடு மற்றப் பெட்டியும் பேசியது. செய்தி முடிந்து கடல் நிலைக்கு வந்திருந்தார்கள். காங்கேசன்துறையிலிருந்து மன்னார் வரையான கடற்பரப்பு ஓரளவு அமைதியாகக் காணப்படுமாம்.

"குறை பிள்ளை, குறை. சனம் என்ன சொல்லும்" என்று அன்ரி எழும்பப் பார்த்தார்.

"விடுங்கோ அன்ரி. முடியட்டும்" என்றேன்.

முடியும்வரை மூன்று பேரும் கேட்டோம். தயாளினி அன்ரிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிப்பும் கண்ணீரும் அவளுக்கு ஒன்றாய் வந்தன.

"நீங்கள் ஒண்டும் மறக்கேல்லை, மாமி."

"மறக்கேல்லைத்தான்" என்றார் அன்ரி மெதுவாக. முகம் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளிந்தது. "வயரிலை சத்தம் காணாமல் அது படுத்துக் கிடந்திருக்கு. நான் றேடியோவிலை குறைச்சிருக்கக் கூடாது, அம்பிளிபயரிலை குறைச்சிருக்கவேணும். முப்பத்திரண்டு வருசம் வயரோடை கிடந்தவளுக்கு இது விளங்கேல்லை."

"அது மறதியில்லையோ?"

"இல்லை. அது மடைத்தனம். மடைத்தனத்துக்குக் கொழும்புக்கு வாறதெண்டு நாங்கள் கதைக்கேல்லை."

தயாளினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம், கதைக்கேல்லை" என்றாள். ஒழுங்கையில் கிடந்த பையை எடுத்துவரப் போனாள். கொழும்புப் பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை அன்ரி அம்பிளிபயரின் குமிழைக் குறைத்து வைத்திருந்தார். அம்மாவின் அறையில் காலைகளில் ஒருவர் அடுத்தவர் காதுக்குள் சொல்வதுபோலக் கடல் நிலை கேட்டது. அந்தியேட்டி முடிந்த மறுநாள், வயரைக் கழற்றட்டோ என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். வேண்டாம் என்றேன். காது கொடுப்பதும் இனி நான்தானே.

இப்போது 'தொப்' கேட்டதும் தயாளினிக்குப் போனில் ஒரு சொல் அனுப்புகிறேன்: "எழும்பியாச்சு."

பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போகும் வழியில் அவள் பதில் போடுவாள்: "கடல் என்னவாம்?"

முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் அதற்குப் பதில் எழுதுகிறேன்.