சாமி பெட்டியில் பதினேழு போன்கள்

உங்கள் வீட்டுப் பெண்ணின் போனுக்கு என்ன பூட்டு எண் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால், அது அவளாகச் சொன்னதா, நீங்களாக வாங்கியதா? பதிலை இப்போதே சொல்ல வேண்டாம். புளியம்பாறைப்பட்டி வரைக்கும் ஒருமுறை போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

எழுமலையிலிருந்து மினி பஸ்ஸில் இருபது நிமிடம். அங்கே வீரணனுக்கும் மலையம்மாளுக்கும் ஒரே மகள் சரண்யாதேவி. வயது இருபத்து நான்கு. உசிலம்பட்டிக் கல்லூரிக்கு மூன்று வருடம் பஸ் படியில் நின்றே போய் பி.காம். முடித்தவள். அவள் முடித்த அன்றைக்கே ஊர், "அப்புறம் எப்ப கல்யாணம்?" என்று கேட்டது. என்ன மார்க் என்று இன்றுவரை கேட்கவில்லை. அவளும் யாருக்கும் காத்திராமல் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராகச் சேர்ந்துகொண்டாள். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, கண்மாய்க்கரையில் வேலைக்கு வந்தவர்களை நிற்கவைத்துத் தன் போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். படம் ஏறினால்தான் வருகை. மண்வெட்டி பிடித்த கையை அரசாங்கம் நம்பாது, படத்தை நம்பும்.

முதல் மாதத்தை இரவல் போனில் ஓட்டிவிட்டு, முதல் சம்பளத்தில் சொந்தமாகப் போன் வாங்கினாள். பூட்டு எண்ணை அப்பா வீரணன் போட்டுக்கொடுத்தார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"மறக்காதுல்ல?" என்றார். யாருக்கு மறக்காது என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் மகளின் போனைத் திறந்து, யார் யார் பேசியிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்ப்பார்.

"இது யாரு ஆத்தா?"

"கேஸ் கம்பெனிப்பா."

"ரெண்டு தடவ பேசியிருக்கான்?"

"நம்ம சிலிண்டர்தான்ப்பா. வேணும்னா வேணாம்னு சொல்லிரட்டா?"

வீரணன் கெட்டவர் இல்லை. மகள்மேல் சந்தேகமும் இல்லை. தெருவில் எல்லா அப்பாவும் பார்க்கிறார்கள், அவரும் பார்த்தார். இந்த நாட்டில் பெரும்பாலான காவல் வேலை இப்படித்தான் நடக்கிறது.

போன் அவளுடையது என்று பேர். உள்ளே குடியிருந்தது ஊர். சிலிண்டர் பதிவு, வருமானச் சான்று, பட்டா மனு, முதியோர் பென்சன் எல்லாம் அவள் எண்ணில்தான். "சரண்யா, இதக் கொஞ்சம் அமுக்கி விடு தாயி" என்று வந்து நிற்காத வீடு கிடையாது. ஊர்ப் பெரியவர் கருத்தக்கண்ணனின் காளை கட்டாரியை ஜல்லிக்கட்டுக்கு ஆன்லைனில் பதிந்து கொடுத்தவளும் அவள்தான். கருத்தக்கண்ணன் அவளுக்குப் பெரியப்பா முறை. அவரிடமும் போன் இருந்தது. அதில் அவர் காலை வணக்கப் படங்கள் அனுப்புவார்.

மார்கழிக் கடைசியில் ஊருக்கு ஒரு பெரிய ஆபத்து வந்தது. கனகலட்சுமி என்ற இருபத்திரண்டு வயதுப் பெண், வேற்றுச் சாதிப் பையன் ஒருவனை விரும்பி, திருமங்கலத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மழை பெய்யவில்லை என்றால் மனு எழுதவே ஆறு மாதம் யோசிக்கும் ஊர், இதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயில் முன்னால் கூடிவிட்டது.

"எல்லாத்துக்கும் காரணம் போனு" என்றார் கருத்தக்கண்ணன். "கல்யாணம் ஆகாத பொம்பளப் புள்ளைக கையில இனிமே போனு இருக்கக் கூடாது."

"ஆம்பளப் பயலுக கையில?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து மலையம்மாள் கேட்டாள்.

"அவன் தொழிலுக்கு வச்சிருக்கான்மா."

"காலையில இருந்து சாவடியில மல்லாந்து படுத்து ரீல்ஸு பாக்குறது என்ன தொழிலு மாமா? எனக்கும் ஒரு இடம் வாங்கிக் குடுங்க."

சிரிப்பு எழுந்தது. கருத்தக்கண்ணன் தொண்டையைச் செருமினார், அடங்கியது. கல்யாணம் செய்துகொண்ட இரண்டு பேரில் ஒருவன் ஆண் என்பதும், அவனிடமும் ஒரு போன் இருந்தது என்பதும் அந்தக் கூட்டத்தில் கடைசிவரை பேசப்படவில்லை.

தீர்மானம் நோட்டில் ஏறியது: 'கல்யாணம் ஆகாத பெண்கள் போன் வைத்திருக்கக் கூடாது.' வாசித்துப் பார்த்த கருத்தக்கண்ணனுக்கு அது சப்பென்று இருந்தது. "தொடவும் கூடாதுன்னு சேத்து எழுது. அப்பத்தான் கட்டுப்பாடு மாதிரி இருக்கும்" என்றார். சேர்த்து எழுதினார்கள். பிறகு அதை மைக்கிலும் வாசித்தார்கள்.

வாங்கிய போன்களை எங்கே வைப்பது? ஒருவர் வீட்டுப் பீரோவை இன்னொருவர் நம்பவில்லை. கடைசியில் சாமி பெட்டி என்று முடிவானது. குலசாமியின் பட்டும் சலங்கையும் அரிவாளும் இருக்கும் மரப்பெட்டி அது. மாசிச் சிவராத்திரிக்கு மட்டும்தான் திறப்பார்கள். நடுவில் திறந்தால் குடி விளங்காது என்பது பரம்பரை நம்பிக்கை. பூசாரி கண்ணுச்சாமி இழுத்தார். "அவசரத்துக்குத் திறக்க முடியாதேப்பா..." "அதுக்குத்தான் அதுல வைக்கிறது" என்றார் கருத்தக்கண்ணன். பூசாரி பெட்டியில் கைவைக்கும் முன்னால் பூப் போட்டுச் சாமியிடம் உத்தரவு கேட்பது வழக்கம். அன்றைக்கு ஊரே கோபத்தில் இருந்ததால் சாமியை யாரும் கேட்கவில்லை.

போனைக் கொண்டுவர ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். சரண்யாதேவி வீட்டுக்குப் பின்னால் போய், அந்த ஐந்து நிமிடத்தில் தன் வாழ்நாளில் முதல்தடவையாகப் பூட்டு எண்ணை மாற்றினாள். சிம் கார்டுக்கும் ஒரு பூட்டுப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து போனைப் பெட்டிக்குள் போட்டாள். மொத்தம் பதினேழு போன்கள். பட்டுத்துணி, சலங்கை, அரிவாள், அவற்றின்மேல் பதினேழு போன்கள், ஒரு பூட்டு. சாவி பூசாரி மடியில்.

திங்கட்கிழமை காலை கண்மாய்க்கரையில் அறுபத்திரண்டு பேர் நின்றார்கள். படம் எடுக்கப் போன் இல்லை. "நம்ம போனுல எடுத்தா என்ன?" என்று ஒருவர் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தொடக் கூடாதுண்ணே. மைக்குலயே சொன்னாங்கல்ல? தொட்டாலும் என் போனுல இருந்துதான் ஏறும்." அறுபத்திரண்டு பேரும் மண்வெட்டியோடு வந்த வழியே திரும்பினார்கள். அதில் கருத்தக்கண்ணனின் மனைவியும் ஒருத்தி.

மத்தியானம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொன்னார்: வெள்ளிக்கிழமைக்குள் போனோடு வேலைக்கு வராவிட்டால் பொறுப்பாளராக வேறு ஆள் போடப்படும். வேலை போனால் அடுத்து என்ன வரும் என்று சரண்யாதேவிக்குத் தெரியும். பொண்ணு சும்மாத்தானே இருக்கு என்ற பேச்சு வரும். அதன் பின்னாலேயே ஒரு தட்டில் பூவும் பழமும் வரும்.

பெட்டி மட்டும் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் கண்ணுச்சாமி விளக்கேற்றப் போனபோது உள்ளேயிருந்து ஒரு குழந்தை சிரித்தது. அது முடியுமுன் ஒரு குத்துப்பாட்டு. பூசாரி உடம்பெல்லாம் புல்லரித்து ஓடிவந்தார்.

"சாமி பேசுதுப்பா!"

"என்ன சொல்லுது?" என்று கேட்டாள் மலையம்மாள். "சிலிண்டர் வந்துருச்சாமா?"

செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள் எல்லா போனும் சார்ஜ் தீர்ந்து செத்தன. "சாமி அடங்கிருச்சு" என்று பூசாரி நிம்மதியாகச் சொன்னார்.

புதன்கிழமை காலை கருத்தக்கண்ணனுக்கு ஒரு செய்தி எட்டியது. காளைகளுக்கு டோக்கன் வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். தவறினால் இந்த வருடம் வாடிவாசல் கிடையாது. பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் போட்டு வளர்த்த காளை. அந்தத் திமிலைத் தடவிக் கொடுக்கிற அன்பில் கால்வாசி அவர் வீட்டு மனிதர்களுக்குக் கிடைத்திருந்தால் அந்த வீடே வேறுமாதிரி இருந்திருக்கும். அலறியடித்துக்கொண்டு எழுமலைக்குப் போனார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இண்டர்நெட் கடை வைத்திருக்கும் உபைதுல்லா பொறுமையாகத் தட்டிப் பார்த்தார்.

"டோக்கன் இருக்குண்ணே. ஆனா ஓடிபி சரண்யா நம்பருக்குத்தான் போகும்."

"அந்த நம்பர எடுத்துட்டு எந்நம்பரப் போட்டுவிடு மாப்ள."

"போடலாம்ணே. நம்பர மாத்துறதுக்கு அந்தப் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும்."

"அந்தப் போனு இப்ப சாமிகிட்ட இருக்கு" என்றார் கருத்தக்கண்ணன்.

"அப்ப சாமியத்தாண்ணே கேக்கணும்" என்றார் உபைதுல்லா. முகத்தில் சிரிப்பே இல்லை. கடைக்காரருக்கு அது தெரிந்த கலை.

மத்தியானம் இரண்டரை மணிக்குக் கருத்தக்கண்ணன் வீரணன் வீட்டு வாசலில் நின்றார். சரண்யாதேவி மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா சரண்யா, நம்ம கட்டாரிக்கு டோக்கன் வந்துருக்காம்ல."

"சந்தோசம் பெரியப்பா."

"பெட்டியத் தொறந்து ஒம்போன மட்டும் எடுத்தாறேன். அந்த ஓடிபிய வாங்கி..."

"எப்புடி வாங்குறது? நான் தொடக் கூடாதே. கூட எழுதச் சொன்னது நீங்கதான்."

"சரி, நீ தொட வேணாம். ஒங்கப்பனுக்கு நம்பரு தெரியும்ல? வீரணா, ஒண்ணு ரெண்டு மூணு நாலுதானேடா?"

வீரணனின் போன் காவல் ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி.

"மாத்திட்டேன் பெரியப்பா" என்றாள் அவள். "சிம்முக்கும் பூட்டு இருக்கு. மூணு தடவ தப்பா அடிச்சா மாட்டிக்கிரும். அடிச்சுப் பாக்குறீகளா?"

வீரணன் மகளை நிமிர்ந்து பார்த்தார். அடிவாங்கிய மாதிரியும் இருந்தது, அதே சமயம் யாரையோ புதிதாகப் பார்ப்பது மாதிரியும் இருந்தது.

"என்னதான் ஆத்தா செய்யணும்கிற?" கருத்தக்கண்ணன் குரல் இறங்கிவிட்டது.

அவள் மொச்சைத் தட்டை நகர்த்திவைத்தாள். "பதினேழு போனும் வெளிய வரணும். எந்த மைக்குல சொன்னீகளோ அதே மைக்குல தீர்மானம் ரத்துன்னு சொல்லணும். நோட்டுல அடிக்கணும்."

"நாளைக்குக் கூட்டம் போட்டுச் செஞ்சுருவோம். முதல்ல டோக்கன்."

"முதல்ல மைக்கு."

"ஊருக் கட்டுப்பாட்ட ஒரு மாட்டுக்காக மாத்துனா சிரிப்பாகளே!"

"எங்களுக்காகத்தான் மாத்த மாட்டேங்கிறீக. மாட்டுக்காகவாவது மாத்துங்க. மணி ரெண்டே முக்கால் பெரியப்பா."

மூன்று மணிக்குப் பூசாரி கண்ணுச்சாமி பெட்டி முன்னால் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை கேட்காத உத்தரவை இப்போது கேட்டே ஆக வேண்டும் என்றார். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் திறக்கலாம். எடுத்தார்கள்: சிவப்பு.

"சரியாக் குலுக்கலப்பா. இன்னொரு தடவ போடு" என்றார் கருத்தக்கண்ணன். மறுபடி சிவப்பு. "சாமிக்குக் காது கேக்கல. சத்தமாச் சொல்லிப் போடு." மூன்றாவது தடவை வெள்ளை வந்தது. சாமி சம்மதித்துவிட்டதாக ஊர் ஏற்றுக்கொண்டது. முதல் இரண்டு தடவை மறுத்தது எந்தச் சாமி என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. மணி மூன்றே முக்கால்.

பெட்டி திறந்தது. இடி விழவில்லை. யார் குடியும் கெடவில்லை. சார்ஜ் போடும் ஓட்டையில் விபூதி அடைத்த பதினேழு போன்கள் வெளியே வந்தன. சரண்யாதேவி தன் போனைத் தொடாமல் நின்றாள். "மைக்கு" என்றாள்.

கருத்தக்கண்ணன் மைக்கைப் பிடித்தார். "பொதுமக்களுக்கு அறிவிப்பு. பெண்கள் போன் வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் மேற்பார்வையில்..."

"பெரியப்பா" என்றாள் அவள். அவ்வளவுதான். மணி நாலு ஐந்து.

"மேற்பார்வை எல்லாம் இல்லை. தீர்மானம் ரத்து. ரத்து, ரத்து" என்று அவர் மைக்கில் கத்தியது அடுத்த ஊர்வரை கேட்டது. நோட்டில் குறுக்குக்கோடு விழுந்தது. ஊக்கை எடுத்து விபூதியை நோண்டிவிட்டு அவள் போனைச் சார்ஜில் போட்டாள். நாலு இருபதுக்குத் திரை எரிந்தது. நாலரைக்கு ஓடிபி வந்தது.

"என்ன நம்பரு? சொல்லு, சொல்லு!"

"அத யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு பெரியப்பா" என்றபடி அவளே அடித்தாள். கட்டாரிக்கு டோக்கன் இறங்கியது.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாளே கண்மாய்க்கரையில் அறுபத்திரண்டு பேரும் படத்துக்கு நின்றார்கள். வேலை அவளுக்கே நிலைத்தது. கட்டாரியை அந்த வருடம் வாடிவாசலில் ஒருவன்கூடத் தொட முடியவில்லை. யார் கைக்கும் அடங்காத மாடு என்று மைக்கில் சொன்னபோது கருத்தக்கண்ணனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அடங்காததைக் கண்டு அவர் பெருமைப்பட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். பதினேழில் மூன்று போன்கள் பெட்டியிலிருந்து வெளியே வந்து, சொந்தக்காரிகள் கைக்குப் போகாமல் அண்ணன்மார் சட்டைப்பைக்குப் போயின. இன்னமும் அங்கேதான் இருக்கின்றன. மீதிப் பெண்கள் பெட்டி திறந்த அன்று சாயங்காலமே சரண்யாதேவியிடம் வந்து, பூட்டு எண்ணை எப்படி மாற்றுவது என்று கற்றுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் டீக்கடையில் ஒருவர் வீரணனைச் சீண்டினார். "என்ன வீரணண்ணே, ஒம்ம மக என்ன நம்பரு போட்டிருக்கா? சொல்லும், நாங்களும் கேட்டுக்கிர்றோம்."

வீரணன் டீயை ஒரு வாய் குடித்தார். "எனக்குத் தெரியாதுப்பா" என்றார். "அது அவ போனு."

இப்போது உங்கள் முறை. இந்தப் பக்கத்தை மூடியதும், உங்கள் வீட்டுப் பெண்ணின் போனை அவள் கையில் கொடுங்கள். பூட்டு எண்ணை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அவள் மாற்றி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள். அதன் பிறகு எண் என்ன என்று கேட்காதீர்கள்.