பாலம் கடக்கும் கணக்கு

இன்று எங்கள் ஆறாம் ஆண்டு வகுப்புக்கு, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் செபராங் ஜெயாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அன்றாட வாழ்க்கைக் கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குக் காட்டப்போகிறாராம்.

ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவர், "பாலத்துல ஒரே ஜாம் லா, டீச்சர்," என்றார்.

பிறகு கரும்பலகையில் எழுதினார்: பாலத்தின் நீளம் இவ்வளவு, காரின் வேகம் இவ்வளவு, கடக்க எவ்வளவு நேரமாகும்?

பின்வரிசை மாலா எழுந்தாள். "காலையிலயா சார், மத்தியானமா?"

"கேள்வியில அது இருக்கா? இருக்கறத வச்சு மட்டும் போடு!"

போகும்போது என்னிடம், "பிள்ளைங்களுக்குக் கேள்வியே புரியல, டீச்சர்," என்று வருத்தப்பட்டார்.

அவர் கணக்குப்படி பாலத்தைக் கடக்கப் பத்தே நிமிடம். அப்படியானால் மீதி நேரமெல்லாம் இந்த மனிதர் எங்கே இருந்தார்?

தெரிந்தவர்கள் விடை எழுதுங்கள். செய்முறை காட்டினால்தான் புள்ளி.