பைக்கோடு போன ஜீப்

ஆக்டிங் டிரைவர் வேலையில் ஒரு சங்கடம், யாருக்காவது ஏதாவது கெட்டது நடந்தால்தான் நமக்குப் போன் வரும். கை உடைந்தவர், கண் ஆபரேஷன் ஆனவர், குடித்து மாட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவர், இவர்கள் புண்ணியத்தில்தான் ஏற்காட்டில் என் அடுப்பு எரிகிறது. ஒண்டிக்கடை முக்கில் நான் டீ குடிக்க நின்றால் தெரிந்தவர்களே கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு வண்டி இருந்து, அதைத் தொடக்கூடாத ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மேலே படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

குப்பனூர் வழி

செல்வராசு அண்ணன் ஒரு காபி எஸ்டேட்டின் ஜீப் டிரைவர். ஜீப் ஷெட்டை ஒட்டி எஸ்டேட் கொடுத்த வீடு. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. கார்த்திகை மாதம் கீழே ஒரு கல்யாணத்துக்குத் தன் சொந்த பைக்கில் போனவர், பந்தியில் உட்காருவதற்கு முன்னால் மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்திருக்கிறார். எங்கள் மலைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. போலீஸ் நிற்பது மெயின் ரோட்டில்தான், உள்ளே கொஞ்சம் இறங்கியிருந்தால் குப்பனூர் வழியாக ஏறிவிட வேண்டும். ஊரே இப்படி நம்பி ஊரே அந்த வழியில் வந்தால் போலீசுக்கு மட்டும் தெரியாமல் போகுமா? பட்டப்பகலில் குப்பனூரில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள்.

குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஆள் வந்தால்தான் பைக்கைக் கொடுப்போம் என்று சொல்ல, எனக்குப் போன் வந்தது. அவரைப் பின்னால் உட்காரவைத்து மலை ஏறினேன். பாதி வழியில் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "நல்லவேளை தம்பி, பைக்கோட போச்சு. ஜீப்புல மாட்டியிருந்தா வேலையே போயிருக்குமுங்க."

ஒரே அட்டை

கோர்ட்டில் அபராதம் கட்டியதும் விஷயம் முடிந்தது என்று நினைத்தார். முதல் தடவைதானே, திட்டி அனுப்பிவிடுவார்கள் என்று நானும் நினைத்தேன். லைசென்ஸை ஏன் முடக்கக்கூடாது என்று கேட்டு ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு என்னோடு சேலத்துக்கு வந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சை அதிகாரியிடம் அப்படியே ஒப்பித்தார். தப்பு பைக்கில் நடந்தது, பைக் ஓட்டுவதை ஆயுசுக்கும் அடித்துவிடுங்கள், நான் நடந்தே போய்க்கொள்கிறேன், ஜீப்பை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார்.

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதிகாரி கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. ஆறு மாதம் எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு, அண்ணனின் லைசென்ஸ் அட்டையை எடுத்துக் காட்டினார். "பைக்கும் குடிக்கலை, ஜீப்பும் குடிக்கலை. குடிச்சது நீங்க. அட்டை உங்க பேர்லதான் இருக்கு."

ஆணியில் தொங்கிய சாவி

எஸ்டேட் மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர். லைசென்ஸ் இல்லாத ஆள் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடைக்காது, முதலாளி தன்னைத் தொலைத்துவிடுவார் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆறு மாதத்துக்கு அண்ணனைக் காபி காயவைக்கும் களத்துக்கு அனுப்பினார். ஜீப்புக்கு என்னைப் போட்டார். ஷெட் சுவரில் ஆணியில் தொங்கிய ஜீப் சாவியைக் காட்டி, என்னை சாட்சிக்கு வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னார்: "செல்வராசு, அதுல கை வெச்சா அன்னைக்கே வீட்டைக் காலி பண்ணிடணும்."

இடது பக்கம்

காலையில் ஆட்களைக் காபிக் காட்டுக்குக் கொண்டுபோகும்போது அண்ணன் என் பக்கத்தில் ஏறிக்கொள்வார். களத்து வேலை தொடங்குவதற்குள் திரும்பிவிடலாமாம். இறக்கம் வந்தால் அவர் கால் வெறும் தகரத்தை மிதிக்கும். வளைவு வந்தால் கை கியரைத் தேடி என் முட்டியில் வந்து நிற்கும். பிறகு அவமானப்பட்டு வெளியே பார்ப்பார். அந்த முகத்தைப் பார்க்காமல் ஓட்டுவதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

பின்னால் உட்கார்ந்துவரும் பாப்பாத்தி காபி பறிப்பவள். அவள் புருஷன் ஆறுமுகம் மிளகுக் கொடியில் ஏணி வைத்து ஏறுகிறவன். ஒருநாள் அண்ணன் ஓங்கி மிதித்த சத்தம் கேட்டு அவள்தான் ஜீப்பையே சிரிக்கவைத்தாள்: "ஏனுங்க, ரெண்டு பேரு ஓட்டறீங்க, முழுசா ஊடு போய்ச் சேருவமா?"

ஏணி சரிந்த நாள்

மாசியில் நான் மேனேஜரை அவர் காரில் சேலத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அன்று ஆறுமுகத்தின் ஏணி சரிந்தது. இடுப்பில் அடி. ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைதான் வரும். அங்கே போக எஸ்டேட்டின் கல்லு ரோட்டில் ஜீப் வேண்டும். ஓட்டத் தெரிந்த வேறு ஆள் இல்லை, மேனேஜரின் போனும் கிடைக்கவில்லை. பாப்பாத்தி களத்துக்கு ஓடிவந்து அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் ஆணியில் இருந்த சாவியை எடுத்து, ஜீப்பில் ஏறி உட்கார்ந்தும்விட்டார். எதிரே வீட்டு வாசலில் அவர் சம்சாரம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் அந்த வீட்டையே பார்த்திருந்துவிட்டு இறங்கிவந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். ஆறுமுகத்தைக் கம்பளியில் போட்டு நான்கு பேர் தூக்கிப் போனார்கள். ஒரு முனையைப் பிடித்தது அண்ணன்தான். கல்லில் இடறி இடறிப் போனதில் நொறுங்கிய இடுப்பெலும்பு மேலும் நொறுங்கிவிட்டது. உயிர் பிழைத்தான். ஒரு கால் சரியாக வரவே இல்லை.

அண்ணனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் சாவியை ஆணியில்தான் மாட்டியிருப்பேன். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டு அண்ணனிடம் சொன்னார்: "உள் ரோடுதானேப்பா, ஆபத்துன்னா ஓட்ட வேண்டியதுதானே? நான் என்ன கல்லா?"

பழைய சீட்

வைகாசியில் லைசென்ஸ் திரும்பி வந்தது. வேலையும் வீடும் தப்பின. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எஸ்டேட் ஆட்களை ஜீப்பில் கொண்டுபோவது வருஷா வருஷம் அண்ணன்தான். விடிகாலையிலேயே ஜீப்பைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். நான் இடது பக்கம் ஏறினேன். ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு முன்னால் ஹாரன் அடித்தார். எல்லோரும் புதுத்துணியோடு வந்தார்கள், மரியாதையாகச் சிரித்தார்கள், நீங்கள் முன்னே போங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். ஒருவரும் ஏறவில்லை.

கடைசியாக ஆறுமுகம் கம்பை ஊன்றி வந்தான், கூடவே பாப்பாத்தி. நான் இறங்கி இடம் விட்டேன். அண்ணனும் இறங்கி வந்து, அவன் கையைப் பிடித்து, ஏறு சாமி என்றார். அவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "வேண்டாமுங்க. குடிச்சப்ப ஓட்டுனீங்க, குடிக்காதப்ப ஓட்டலீங்களே."

அட்டையை ஆறே மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று கோயில்வரை காலியாகவே போன பின் சீட்டுக்கு எந்த ஆபீசில் மனுப்போடுவது என்று தெரிந்த சக பாவிகள் யாராவது இருந்தால், எனக்கு வேண்டாம், செல்வராசு அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள்.